பெட்டியா, பேனலா, குழியாடியா: வீட்டில் செய்யும் சூரிய அடுப்புகள், ஓர் ஒப்பீடு

பேனல் அடுப்பு (வெயிலைப் பாத்திரத்தின்மேல் திருப்பும் மடிப்பு அட்டை) ஒன்றையும் பெட்டி அடுப்பு ஒன்றையும் என் கையாலேயே செய்து, பல மாதங்கள் இரண்டிலும் மாறி மாறிச் சமைத்துப் பார்த்தபின், இப்போது பெட்டியை மட்டுமே பயன்படுத்துகிறேன். பேனல் அட்டை பரண்மேல் மடிந்து கிடக்கிறது. கிண்ணம்போல் குழிந்த ஆடியால் வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும் குழியாடி அடுப்பை நான் செய்ததில்லை; நண்பர் ஒருவர் பழைய டிஷ் ஆன்டெனாவில் பளபளப்புத் தாள் ஒட்டிச் செய்ததில் நான்கைந்து முறை சமைத்ததோடு சரி. ஆகவே இந்த ஒப்பீட்டில் பெட்டிக்கே இடம் அதிகம். குழியாடியைப் பற்றிய என் பேச்சுக்கு அந்த நான்கைந்து முறையின் எடைதான் உண்டு.

மூன்றுக்கும் பொதுவானவற்றை விரிக்கத் தேவையில்லை. நல்ல வெயில் வேண்டும். பாத்திரம் மெல்லியதாகவும், வெளிப்புறம் பளபளப்பில்லாத கறுப்பாகவும், மூடியுடனும் இருக்க வேண்டும். அலுமினியத் தாளின் எந்தப் பக்கத்தை வெளியே வைப்பது என்று குழம்பவும் வேண்டாம்: இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகின்றன. சுருக்கமில்லாமல் ஒட்டுவதில்தான் கவனம் வேண்டும்.

பேனல் அடுப்பின் வசதி அதன் எளிமை. ஒரு பெரிய அட்டையை மடித்து, உட்புறம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டி, நடுவில் கறுப்புப் பாத்திரத்தை வெப்பம் தாங்கும் ஒளிபுகும் பைக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ரோஜர் பெர்னார் வகுத்த வடிவத்திலிருந்து 1990-களில் இந்த வகை பரவியது. இரண்டு மணி நேரத்தில் செய்துவிடலாம், மடித்தால் ஒரு பெரிய புத்தகத்தின் கனம்தான் இருக்கும், முதன்முதலாகச் சூரிய அடுப்பைத் தொடுகிறவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பது அந்த ஒரு பை மட்டுமே. பாத்திரத்தின் விளிம்பு பட்ட இடத்தில் என் முதல் பை ஓட்டையானது. அது சாதாரணப் பாலித்தீன் பை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். தவிர, காற்று சற்று வலுத்தாலும் அட்டை சாய்ந்துவிடும், அட்டை சாய்ந்தால் ஒளியும் வேறு பக்கம் போய்விடும்.

குழியாடி அடுப்பு வேறு இனம். மற்ற இரண்டும் மெதுவாக வேகவைப்பவை என்றால், இது உண்மையிலேயே அடுப்புத் தீக்கு இணையானது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் வறுக்கவும் பொரிக்கவும் முடியும். அதே காரணத்தால் ஆபத்தும் இதில்தான் அதிகம். ஒளி குவியும் இடமான குவியத்தின் அருகே கையை நீட்டினால் சுடும், திரும்பி வரும் ஒளியை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, பயன்படுத்தாத நேரத்தில் துணியால் மூடிவைக்காவிட்டால் வெயில் திரும்பும்போது எதன்மேல் குவியும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் இதை வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் எனக்கு முடிவை எடுத்துக்கொடுத்தவை வெப்ப அளவோ ஆபத்தோ அல்ல. அடுப்பை எவ்வளவு நேரம் அதன் போக்கில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற ஒரே கேள்விதான். எரிபொருள் செலவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டு, கால் மணிக்கொரு முறை வெயிலில் ஓடினால், எரிபொருளுக்குப் பதிலாக நம் நேரத்தை எரிக்கிறோம் என்று பொருள்.

சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்வதாகக் கொள்ளலாம். குழியாடியின் குவியத் தூரம், அதாவது ஆடியிலிருந்து குவியம்வரை உள்ள தூரம், 60 செ.மீ. என்றால், 15 நிமிடத்தில் ஒளிப்பொட்டு ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளிப் போய்விடும், பாத்திரத்தின் நடுவில் இருந்தது ஓரத்துக்கு வந்துவிடும். நண்பரின் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோதே நாங்கள் பேச்சில் மூழ்கிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் கொதி அடங்கி, பாத்திரத்தைத் தாங்கியிருந்த கம்பியின்மேல் வெள்ளை வட்டம் ஒன்று கூசக்கூச நின்றது. பேனலில் இவ்வளவு நெருக்கடி இல்லை, அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு முறை திருப்பினால் போதும். ஆனால் மேகம் வந்தால் அதன் கதை முடிந்தது. பைக்குள் இருக்கும் சிறிதளவு காற்றைத் தவிர, சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்பு என்று அதற்கு ஒன்றும் இல்லை.

பெட்டியில் நிலைமை வேறு. கண்ணாடி வழியாக நுழையும் ஒளி, கறுப்புத் தகட்டில் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. நான்கு சுவர்களிலும் அடியிலும் காப்பு இருக்கிறது. ஒளி ஒரு புள்ளியில் குவிய வேண்டியதில்லை என்பதால், கோணம் சற்றுத் தவறினாலும் இழப்பு கொஞ்சம்தான். ஒரு நாள் நண்பகலில் உள்ளே வைத்திருந்த வெப்பமானி 120 டிகிரியைக் காட்டியது. பத்து நிமிடம் பெரிய மேகம் ஒன்று மறைத்தது. வெப்பமானி 100-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. உணவு வேக 80 டிகிரிக்கு மேல் இருந்தாலே போதும் என்பதால், சமையல் நிற்கவே இல்லை. காலையிலேயே பெட்டியை நண்பகல் சூரியன் நிற்கப்போகும் திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு, மதியம்வரை அதன் பக்கமே போகாத நாள்கள் உண்டு. சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான், அடிப்பிடிக்காது, தீயாது.

இது புதிய தந்திரமும் அன்று. 1767-இல் சுவிட்சர்லாந்தின் ஒராஸ் பெனடிக்ட் த சோசியூர், கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பழங்களைச் சமைத்துக் காட்டினார். அட்டைப்பெட்டியில் அதையே எளிதாகச் செய்யலாம் என்று 1970-களில் அரிசோனாவில் பார்பரா கெர்ரும் ஷெர்ரி கோலும் நிறுவினார்கள். நான் செய்ததும் அந்த வழிதான்: பெரிய அட்டைப்பெட்டிக்குள் சிறியது, இடையில் 5 செ.மீ. இடைவெளி, அதில் கசக்கிய செய்தித்தாள், உட்சுவர்களில் அலுமினியத் தாள், அடியில் கறுப்பு பூசிய மெல்லிய உலோகத் தகடு, மேலே கண்ணாடி, வெயிலைக் கண்ணாடிக்குள் திருப்பிவிடப் பின்புறம் நிற்கும், அலுமினியத் தாள் ஒட்டிய ஒரு மூடிப்பலகை.

இரண்டு தவறுகளைச் செய்தேன். இடைவெளியில் முதலில் தெர்மாகோல் வைத்தேன். அது 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் என்பதால், சில நாளிலேயே உட்பெட்டியை ஒட்டிய பக்கம் குழிந்து, ஒரு கெட்ட வாடை வந்தது. செய்தித்தாளோ உலர்ந்த வைக்கோலோதான் அந்த இடத்துக்கு ஏற்றது. இரண்டாவது, கறுப்புப் பூச்சு காய்ந்த அன்றே சமைத்துவிட்டேன். காலிப் பெட்டியை இரண்டு நாள் முழு வெயிலில் வைத்துப் பூச்சின் நெடியைப் போக்கியிருக்க வேண்டும்.

பெட்டியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது மெதுவானது. 50 செ.மீ. சதுரக் கண்ணாடியில் விழும் வெயில் நண்பகலில் ஏறத்தாழ 250 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சேர்ந்தால், 25 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியை எட்ட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மூடிப்பலகை சரியான கோணத்தில் நின்றால் இது குறையும். 'வெந்துவிட்டதா' என்று கண்ணாடியைத் திறந்தால் சேர்ந்த சூடு ஒரே மூச்சில் போய்விடும், பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. பாத்திரத்தின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கண்ணாடியின் உட்புறம் நீர்முத்துகள் படிந்து ஒளியை மறைக்கும். இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பயணத்துக்கு எடுத்துச் செல்லவோ, செய்துதான் பார்ப்போமே என்று தொடங்கவோ பேனலே மேல். பொரிப்பதற்கு ஆசைப்படுகிறவர் குழியாடிக்குத்தான் போக வேண்டும்.

அட்டைப்பெட்டி எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு என்னுடையதற்கு வயதாகவில்லை. இதுவரை ஒரு முறை மழையில் நனைந்து அடிப்பகுதி ஊறியது. அந்த அட்டையை மட்டும் வெட்டி எடுத்து வேறொன்றை மாவுப்பசையால் ஒட்டினேன், ஒரு மாலைப் பொழுதின் வேலை. இப்போது மாலையில் சூடு ஆறியதும் கண்ணாடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டியைக் கூரைக்குள் இழுத்துவிடுகிறேன்.