40 மி.மீ. சதுரக் கண்ணிப் பை: இழுவை மடிக்கு வாங்கலாமா?

விசைப்படகு கட்டி இழுக்கும் வலையான இழுவை மடியின் கடைசியில் மீன் சேரும் பையை மட்டும் மாற்றி, சதுரக் கண்ணிப் பை ஒன்றைக் கட்டினால் குஞ்சு மீன் வரத்து குறையும் என்று கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமான சிஃப்ட் பல காலமாகச் சொல்லிவருகிறது. அது உண்மைதான். ஆனால் கடையில் வாங்கி அப்படியே கட்டிவிடும் பொருளாக இதை நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். வலை, தையல், கயிறு மூன்றும் சரியாக அமைந்தால் இது நல்ல பை. ஒன்று பிசகினாலும் பழைய பையே மேல் என்று தோன்றிவிடும். "சதுரக் கண்ணி போட்டால் இறாலும் போய்விடுகிறது" என்ற குறைக்குப் பெரும்பாலும் வலையின் வகையில்தான் காரணம் இருக்கிறது.

வழக்கமான பையில் கண்ணி டைமண்ட் வடிவில் இருக்கும். இழுக்கும்போது பாரம் நீளவாக்கில் விழுவதால் கண்ணி நீண்டு ஒடுங்கி, இரு பக்கமும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும். மீன் குவிந்த இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். எனவே 40 மி.மீ. என்று வாங்கிய வலை கடலுக்குள் 40 மி.மீ. வேலையைச் செய்வதில்லை. அதே வலையை 45 பாகை திருப்பி, கண்ணியின் ஒரு கால் (அடுத்தடுத்த இரு முடிச்சுகளுக்கு இடையே உள்ள நூல்) இழுவைத் திசையிலும் மறு கால் குறுக்காகவும் வரும்படி வைத்தால், பாரம் ஏறினாலும் கண்ணி சதுரமாகவே நிற்கும். குஞ்சு மீன் வெளியேற வழி கிடைக்கும், தண்ணீரும் தடையில்லாமல் ஓடும்.

வாங்கும்போது முதலில் அளவைப் பாருங்கள். கடையில் சொல்லும் 40 பெரும்பாலும் இழுத்து நீட்டிய கண்ணியில் ஒரு முடிச்சின் நடுவிலிருந்து எதிர் முடிச்சின் நடு வரையிலான அளவு. மீன் நுழைந்து போவதோ முடிச்சுகளுக்கு உள்ளே இருக்கும் திறப்பில். நூல் தடிக்கத் தடிக்க அந்தத் திறப்பு சில மி.மீ. குறைந்துவிடும். 40 மி.மீ. அகலமுள்ள தட்டைத் தகடு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, வலையை நனைத்து, ஓரத்தை விட்டுத் தள்ளி வரிசையாக 20 கண்ணிகளில் நுழைத்துப் பாருங்கள். சதுரமாகத் தைத்த பிறகும் கண்ணியை மூலைவாட்டில் இழுத்துத்தான் அளக்க வேண்டும், காலின் நீளத்தை அளந்தால் 20தான் வரும். தமிழ்நாட்டு மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளின்படி இழுவை மடியின் பையில் 40 மி.மீ.க்குக் குறைந்த கண்ணி கூடாது. அதனால் இந்தச் சோதனை உங்களுக்கே பாதுகாப்பு.

அடுத்தது வலையின் வகை. இங்கேதான் பணம் வீணாகிறது. 150 கண்ணிச் சுற்றளவுள்ள டைமண்ட் பையில் எந்த இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் 300 கால்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு ஈடான சதுரப் பையில் நீளவாக்கில் ஓடும் 75 கால்கள் மட்டுமே பாரத்தைத் தாங்கும், குறுக்குக் கால்கள் சும்மா கிடக்கும். அதனால் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, நூல் அறுகிறது. மற்றொன்று, முடிச்சு நழுவுகிறது. சாதாரண முறுக்கு நூலில் போட்ட முடிச்சு மூலைவாட்டு இழுவைக்காகப் போடப்பட்டது. நேராக இழுத்தால் அது மெல்ல நகர்ந்து, ஒரு கண்ணி பெரிதாகவும் பக்கத்துக் கண்ணி சிறிதாகவும் ஆகிவிடும். பெரிதான கண்ணியில் இறால் போகும், சிறிதானதில் குஞ்சு மீன் நிற்கும். குறை சொல்பவர்கள் பார்ப்பது இதைத்தான். ஆகவே முடிச்சில்லாத பின்னல் வலையை வாங்குங்கள். இல்லையென்றால் சூட்டில் முடிச்சை இறுக்கிய எச்.டி.பி.இ. (ஒரு வகைப் பிளாஸ்டிக் நூல்) வலையை இரட்டை நூலில் வாங்குங்கள். முடிச்சில்லாத வலைக்கு ஒரு குறை உண்டு: கிழிந்தால் கிழிசல் ஓடும், படகில் உட்கார்ந்து ஊசியால் கண்ணி போட்டுச் சரிசெய்ய முடியாது. அதே வலையில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள் சிலவற்றைக் கூடவே எடுத்துப் போக வேண்டும். கிழிந்த இடத்தில் டைமண்ட் துண்டை வைத்துத் தைத்தால், அந்த இடம் சுருங்கிப் பை முழுவதும் கோணிக்கொள்ளும்.

தையல் கணக்குக்கு வருவோம். முன்னால் உள்ள டைமண்ட் வலையின் 2 கண்ணிக்குச் சதுரத்தின் 1 கால் என்ற விகிதத்தில் இணைக்க வேண்டும். 40 மி.மீ. டைமண்ட் 150 கண்ணியை முழுக்க விரித்தால் 6 மீட்டர். ஓடும்போது அது ஏறத்தாழ கால் பங்குதான் விரிகிறது என்று கொண்டால் சுற்றளவு 1.5 மீட்டர். சதுரத்தில் 75 காலை 20 மி.மீ.யால் பெருக்கினால் அதே 1.5 மீட்டர். இரண்டும் பொருந்துவதால் தண்ணீர் சீராகப் போகும். கண்ணிக்கு ஒரு கால் என்று தைத்துவிட்டால் 3 மீட்டர் சுற்றளவில் தளர்ந்த மூட்டையாகிப் பை அலைபாயும், மீன் நசுங்கும், டீசலும் கூடும். இழுத்து இறுக்கி 3 கண்ணிக்கு 1 கால் என்று தைத்தால் சுற்றளவு 1 மீட்டராகி, இணைப்பிலேயே மீன் அடைத்துக்கொள்ளும். நீளத்துக்கும் கணக்கு உண்டு. 100 கண்ணி நீளமுள்ள டைமண்ட் பை ஓடும்போது சுமார் 3.9 மீட்டர் இருக்கும், அதற்கு 195 கால் தேவை.

வெட்டும்போது காலோடு காலாக மூலைவாட்டில்தான் கத்தி போக வேண்டும். ஓரத்தில் முக்கோணத் துண்டு மிஞ்சும். அதை எதிர் ஓரத்தில் வைத்துத் தைத்தால் வலை வீணாகாது. சதுரப் பைக்கு அதிக வலை தேவை என்ற புகார் இந்த முறை தெரியாமல் வெட்டுவதால் எழுகிறது.

பக்கவாட்டுக் கயிறுகளை விட்டுவிட வேண்டாம். பையின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் கயிறு வலையைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். விஞ்சில் (கயிறு சுற்றித் தூக்கும் பொறியில்) தூக்கும்போது பாரம் முதலில் கயிற்றில் ஏறினால்தான் அந்த 75 கால்கள் தப்பும். சேறோடு நிறைந்த பையைக் கயிறில்லாமல் தூக்கினால் இணைப்புத் தையல் முதலில் பிரியும்.

தேய்மானத்துக்காகப் பையைச் சுற்றிப் பழைய வலையைக் கட்டுவது வழக்கம். கீழ்ப்பாதிக்கு மட்டும் கட்டுங்கள். மீன் தப்புவது பெரும்பாலும் மேல்புறம் வழியாக. மேல்புறத்தையும் மூடினால் சதுரக் கண்ணிக்குக் கொடுத்த பணம் வீண். பைக்குள் சிறு கண்ணி உள்வலை போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அது எந்த வலையையும் கொசுவலையாக்கிவிடும்.

எந்த மீனுக்கு எவ்வளவு பலன் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. உடல் உருண்ட மீன்களுக்குச் சதுரம் நன்றாக வேலை செய்யும். தும்பிலி, சங்கரா போன்றவற்றின் குஞ்சுகள் சதுரத் திறப்பில் எளிதாக வெளியேறும். காரல் வேறு மாதிரி. உயரமான, பக்கவாட்டில் தட்டையான உடலுக்கு ஒடுங்கிய டைமண்ட் திறப்பே பொருந்தும். சங்காயத்தில் (மலிவாகப் போகும் கழிவு மீனில்) காரல் மிகுந்து வரும் பாக் நீரிணைப் பக்கம் இந்தப் பையிலிருந்து பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. முட்கள் உள்ள நண்டும் இறாலும் எந்தக் கண்ணியிலும் மாட்டும். சிறு மீன்கள் செவுளோடு கண்ணியில் சிக்குவது சதுரத்தில் கூடுதலாகத் தெரியும், பையைச் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயத்தின் வருமானம் முதல் நாளிலிருந்தே குறையும். அந்தக் காசை மறைத்துப் பேசி இந்தப் பையை யாரிடமும் விற்கக் கூடாது. ஆனால் சங்காயக் கூடையில் கிலோ கணக்கில் போவது சில மாதங்களில் நல்ல விலைக்குப் போகக்கூடிய சங்கராவும் கணவாயும்தான் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பலனைச் சோதிக்க ஆராய்ச்சிப் படகுகளில் பைக்கு வெளியே சிறு கண்ணி உறை ஒன்றைக் கட்டி, தப்பிய மீனையும் பிடிப்பார்கள். உறை பையில் ஒட்டினால் கண்ணி அடைபடும். அதனால் வளையங்கள் வைத்து விலக்கி, பையைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக உறை செய்ய வேண்டும். உள்ளேயும் வெளியேயும் கிடைத்த மீனை அளந்தால், பாதி தப்பிப் பாதி நிற்கும் நீளம் தெரியவரும். அந்த நீளம் மீன் முதன்முதலில் முட்டையிடும் நீளத்தைத் தாண்டியிருந்தால் வலை நல்லது. தொழில் படகில் இவ்வளவு வேண்டாம். ஒரே மீன்பிடித் தளத்தில், ஒரே ஆழத்தில், ஒரே நேர அளவுக்கு, ஒரே வேகத்தில் பழைய பை, புதிய பை, புதிய பை, பழைய பை என்ற வரிசையில் இழுத்தால் போதும். விடியலுக்கும் உச்சிக்கும் வரத்து மாறுவதை இந்த வரிசை சமன்செய்யும். ஒவ்வொரு இழுப்பிலும் இறால், பெரிய மீன், சங்காயம் என மூன்றாகப் பிரித்து எடை போடுங்கள். சங்காயத்திலிருந்து ஒரு கூடையைக் கலைக்காமல் எடுத்து, உள்ளே இருக்கும் மீனின் நீளத்தை அளந்து எழுதுங்கள். எடை மட்டும் பார்த்தால், சொறி (ஜெல்லி மீன்) நிறைய வந்த ஒரு இழுப்பு முழுக் கணக்கையும் கெடுத்துவிடும்.

ஆமை விலக்கு சாதனமான டெட் பற்றியும் சொல்லியாக வேண்டும், இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். சிஃப்ட் வடிவமைத்த டெட் 1000 × 800 மி.மீ. அளவுள்ள கம்பிச் சட்டம், மேல்புறம் திறப்பு. பெரிய உருவங்கள் சட்டத்தில் மோதி மேலே போய்விடும், குஞ்சு மீனை அது தடுக்காது. அமெரிக்க விதியில் கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் கூடாது, சட்டத்தின் சாய்வு 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் ஆமையும் கட்டையும் சட்டத்திலேயே ஒட்டி நிற்கும், மிகவும் படுத்தால் திறப்பை மூடும் மடல் தூக்கி இறால் வெளியேறும். போதிய மிதவை இல்லாவிட்டால் சட்டம் புரண்டு பையே முறுக்கிக்கொள்ளும். கடல்புல் மிகுந்த தளத்தில் கம்பிகள் அடைபட்டு இறாலும் மடல் வழியே போகும். சரியாகக் கட்டினால் இறால் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்பது சிஃப்ட் சோதனைகளின் முடிவு. பெரிய திருக்கை போவது மட்டும் உண்மையான நட்டம். ஆமைப் பாதுகாப்பு போதாது என்று 2019 முதல் அமெரிக்கா இந்தியாவின் கடல் இறாலை வாங்காமல் இருப்பதற்கும், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதற்கும் மடலைக் கட்டிவைத்த டெட் பதில் சொல்லாது.

நோர்வேயில் 19 மி.மீ. இடைவெளிக் கம்பிச் சட்டம் ஒன்றே இறால் மடிகளில் வேண்டாத மீனைப் பெருமளவு தடுக்கிறது. அங்கே பிடிப்பது ஒரே இறால் இனம், மற்ற மீன் பெரிது. நம் கடலில் இறாலும் விற்கும் மீனும் விற்காத குஞ்சும் ஒரே அளவில் கலந்து வருவதால், அந்தச் சட்டத்தை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பையின் கண்ணியில்தான் கைவைக்க வேண்டும்.

தூத்துக்குடியிலோ சென்னையிலோ பெரிய மீனை நம்பித் தொழில் செய்யும் விசைப்படகுக்கு இந்தப் பையைத் தயங்காமல் சொல்லலாம். காரல் தளத்தில் இழுப்பவர் முதலில் ஒரு பை மட்டும் செய்து பார்க்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் மடியைப் பிரித்துத் தைக்கும்போதே இந்த வேலையையும் முடித்துவிடலாம். தடை முடிந்து இரண்டு மூன்று முறை கடலுக்குப் போய்வந்ததும் அதே தகட்டால் 20 கண்ணிகளை மீண்டும் அளந்து, முடிச்சு நழுவியிருந்தால் அந்த வலையை விற்றவரிடமே எடுத்துப் போங்கள். பழைய பையை அதுவரை வீசிவிட வேண்டாம், ஒப்பிட்டு இழுக்க அது வேண்டும்.