புதுக் கைபேசியில் சார்ஜ் நிற்காதபோது: ஓராண்டுப் பயன்பாட்டில் கண்டவை

ஓராண்டுக்கு மேலாக நான் பயன்படுத்திவருவது நடுத்தர விலையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒன்று. 5000 எம்ஏஎச் பேட்டரி, நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் (120 ஹெர்ட்ஸ்) அமோலெட் திரை, இரண்டு 5ஜி சிம்களுக்கான வசதி ஆகியவை கொண்டது. இதற்கு முன்பு வைத்திருந்த 4ஜி கைபேசியின் பேட்டரி 4000 எம்ஏஎச்தான். அதுவும் பழசாகி ஓய்ந்துபோயிருந்தது. கொள்ளளவு கால் பங்கு கூடியிருப்பதால் இனிமேல் படுக்கும் வரை சார்ஜரைத் தேட வேண்டியிராது என்று எதிர்பார்த்தேன். ஆனால் காலையில் 100 விழுக்காட்டோடு எடுத்த புதுக் கைபேசி மாலை ஐந்து மணிக்கெல்லாம் 20க்கு இறங்கியது. இத்தனைக்கும் என் வேலை பெரும்பாலும் வீட்டில் கணினியின் முன்புதான். கைபேசி பாதி நேரம் மேசைமேல் சும்மா கிடக்கும். மாடலின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை, ஏனெனில் குறை மாடலைச் சேர்ந்ததாக இல்லை என்பது பின்னர் தெளிவானது. கேமரா, ஒலி, தோற்றம் ஆகியவற்றையும் விட்டுவிட்டு, பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் பேட்டரி இறங்கும் வேகத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பழைய கைபேசியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட பிறகு, நாம் கையில் எடுக்காத நேரத்திலும் புதுக் கைபேசி ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். கூகுள் போட்டோஸ் பல ஆண்டுப் படங்களைச் சரிபார்த்து ஏற்றும். வாட்ஸ்அப் பழைய உரையாடல்களையும் காணொளிகளையும் இறக்கும். பிளே ஸ்டோர் எல்லாச் செயலிகளையும் புதுப்பிக்கும். அடிக்கடி திறக்கப்படும் செயலிகளின் நிரலை ஆண்ட்ராய்டு தன் சிப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றிவைக்கும். கடைசியாகச் சொன்ன வேலை பெரும்பாலும் கைபேசி சார்ஜில் செருகப்பட்டுச் சும்மா கிடக்கும்போதுதான் நடக்கிறது என்பதால், இரவில் சார்ஜ் போடும் வழக்கம் இல்லாதவர்களுக்கு அது பல நாள் இழுத்துக்கொண்டே போகும். பெரிய மென்பொருள் அப்டேட் வந்த பின்பும் இரண்டொரு நாளைக்கு இதே நிலைமைதான். என் கைபேசியிலும் முதல் வாரம் கழிந்ததும் சற்றுத் தேறியது. ஆயினும் மாலையில் சார்ஜரைத் தேடும் நிலை மாறவில்லை.

சார்ஜ் நிற்கவில்லை என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு செலவுகளை நாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். திரை எரியும்போது ஆவது ஒன்று, திரை அணைந்து கிடக்கும்போது ஆவது இன்னொன்று. முன்னது நம் பழக்கத்தையும் திரையின் வெளிச்சத்தையும் பொறுத்தது. அதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. பின்னதைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் படுத்து, விடிந்ததும் மேல்நிலைத் தொட்டியில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதைப்போல, படுக்கும்போதும் எழும்போதும் பேட்டரியின் விழுக்காட்டைக் குறித்துவைத்தால் போதும். 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 பதிப்போடு வந்த டோஸ் என்னும் ஏற்பாடு, அசையாமல் திரை அணைந்து கிடக்கும் கைபேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளை ஒத்திப்போட்டு, நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை மொத்தமாக அனுமதிக்கிறது. இது ஒழுங்காக நடந்தால் ஓர் இரவில் 2 முதல் 5 விழுக்காடு வரை குறைவது இயல்பு. என்னுடையது 15க்கு மேல் இழந்துகொண்டிருந்தது.

இதன் பிறகு ஓர் இரவு முழுவதும் ஏரோபிளேன் மோடில் வைத்து, வைஃபையையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு விழுக்காடுதான் குறைந்திருந்தது. பேட்டரியே பழுதாக இருந்தாலோ உள்ளே எங்காவது மின்கசிவு இருந்தாலோ ஏரோபிளேன் மோடில் மட்டும் அது அடங்கியிருக்க வழியில்லை; ஆகவே அந்தச் சந்தேகம் நீங்கியது. அடுத்த சோதனையில் ஏரோபிளேன் மோடை அப்படியே விட்டு, வைஃபையை மட்டும் இயக்கினேன். இப்போது வாட்ஸ்அப், மின்னஞ்சல் உள்ளிட்ட எல்லாச் செயலிகளுக்கும் இணையம் கிடைத்தது. அப்படியும் 3 விழுக்காட்டைத் தாண்டவில்லை. எந்தச் செயலி சார்ஜைத் தின்கிறது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் வேலையை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்திவிட்டது. எஞ்சியது மொபைல் நெட்வொர்க் மட்டுமே. செட்டிங்ஸின் பேட்டரிப் பக்கத்திலும் செயலிகளின் பட்டியலை விட்டு, திரை, நெட்வொர்க் போன்ற சிஸ்டம் பகுதிகளின் பட்டியலுக்கு மாற்றிப் பார்த்தபோது அதுவே முதலிடத்தில் நின்றது. பலர் அந்த இரண்டாவது பட்டியலைத் திறப்பதே இல்லை.

சிக்னல் கம்பிகளை நம்பிப் பயனில்லை. எத்தனை கம்பி காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ஃபோனைப் பற்றிய பகுதிக்குள் சிம்மின் நிலையைத் திறந்தால், சிக்னலின் வலிமை டிபிஎம் அலகில் எதிர்க்குறியுள்ள எண்ணாகக் காட்டப்படும். 4ஜியில் −85ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல். −110க்கும் கீழே போனால் நலிந்தது என்று கொள்ளலாம். உயரமான கட்டடங்களுக்கு இடையில் சிக்கிய எங்கள் தரைத்தள வீட்டில், மொட்டைமாடியில் −88 காட்டும் அதே சிம் படுக்கையறையில் −116 காட்டியது. இது மடக்கை அளவு என்பதால் 10 குறைந்தாலே வந்துசேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். 28 குறைந்தால் ஏறத்தாழ 630இல் ஒரு பங்கு. இந்த நிலையில் கைபேசி தன் சிக்னல் டவரை எட்ட வேண்டும் என்பதற்காக அனுப்பும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும். வழக்கமான 4ஜி கைபேசிக்கு அதன் உச்ச வரம்பு 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். ஆன்டெனாவில் அவ்வளவு வெளிவருவதற்கு உள்ளே பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் மின்சாரம் அதைப்போலச் சில மடங்கு.

இரண்டாவது சிம்மின் நிலை இன்னும் மோசம். வங்கியின் ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் அந்த எண்ணுக்கு, அறைக்குள் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. டவர் கிடைக்காத சிம், தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை எல்லாம் மீண்டும் மீண்டும் துழாவும். திரை அணைந்து கிடக்கும்போதும் அந்தத் தேடல் நிற்காது. பழைய கைபேசியிலும் இதே இரண்டு சிம்கள்தான் இருந்தன. அதில் இவ்வளவு இழப்பு தெரியாததற்குக் காரணம் அது 4ஜியோடு நின்றதுதான். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்து இயங்கும் 5ஜி முறையையும், ஏர்டெல் 4ஜியின் துணையோடு இயங்கும் முறையையும் எடுத்துக்கொண்டன. துணையோடு இயங்கும் முறையில் டேட்டா ஓடும்போது கைபேசி இரண்டு தொடர்புகளையும் ஒருசேரத் தாங்க வேண்டும். எந்த முறையாக இருந்தாலும், 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டை சுவர்களை ஊடுருவுவதில், 4ஜிக்குப் பயன்படும் தாழ்ந்த பட்டைகளைவிடப் பலவீனமானது. ஆகவே எங்கள் அறையில் 5ஜி ஒரு நிமிடம் கிடைக்கும், மறு நிமிடம் நழுவும். கைபேசி 4ஜிக்கு இறங்கும், மீண்டும் ஏறப் பார்க்கும். நாள் முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் பேட்டரி செலவாகிக்கொண்டிருந்தது.

தீர்வு இரண்டு நிமிட வேலை. முதல் சிம்முக்கு நெட்வொர்க் வகையை 4ஜி என்று மாற்றினேன். வீட்டில் வைஃபை இருப்பதால் 5ஜியால் எனக்கு அங்கே ஆதாயம் ஏதும் இல்லை. டவர் சிக்னல் நலிந்த அறையிலும் அழைப்புகள் வைஃபை மூலம் போவதற்காக, வைஃபை வழி அழைப்பையும் இயக்கிக்கொண்டேன். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வசதி அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பலருடைய கைபேசியில் அணைந்தே கிடக்கிறது. இரண்டாவது சிம்மைக் கழற்றத் தேவையில்லை. செட்டிங்ஸிலேயே அணைத்துவைத்து, ஓடிபி தேவைப்படும்போது மட்டும் இயக்கிக்கொள்ளலாம். வெளியூர் போகும்போது எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவேன். இவ்வளவுதான் செய்தேன். இரவு இழப்பு 4 விழுக்காட்டுக்குள் அடங்கியது. மாலை ஐந்து மணிக்கு 20 காட்டிய கைபேசி 50ஐ ஒட்டிக் காட்டத் தொடங்கியது. அந்த எண்கள் ஓராண்டுக்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை.

திரையைப் பொறுத்தவரை நான் அதிகம் மெனக்கெடவில்லை. டார்க் மோடு போட்டால் பேட்டரி இரட்டிப்பாகும் என்பதுபோல் பேசப்படுகிறது. அமோலெட் திரையில் கறுப்புப் புள்ளிகள் எரிவதில்லை என்பது உண்மைதான்; ஆனால் 2021இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் அளந்து பார்த்தபோது, திரையின் வெளிச்சம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கையில் டார்க் மோடால் மிச்சமாவது சராசரியாக 3 முதல் 9 விழுக்காடு மட்டுமே என்றும், முழு வெளிச்சத்தில் அது 39 முதல் 47 வரை போகிறது என்றும் கண்டார்கள். வீட்டுக்குள் இருப்பவருக்கு வெளிச்சத்தைக் குறைப்பதே போதும். வெயிலில் அலைபவருக்கு டார்க் மோடு உண்மையாகவே உதவும். 120 ஹெர்ட்ஸை 60ஆகக் குறைத்தால் கொஞ்சம் மிச்சமாகிறது. அதற்காகவே பணம் கொடுத்து வாங்கிவிட்டு அணைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடையில் வந்து குவிந்த அறிவுரைகளில் பாதி பயனற்றவை. அண்மைச் செயலிகளின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் தள்ளி மூடுவதால் பேட்டரி மிச்சமாகாது என்பதை, ஆண்ட்ராய்டின் பொறுப்பில் இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகியும் 2016இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் செலவு. பேட்டரியைக் காப்பதாகச் சொல்லும் தனிச் செயலிகள் அதைவிட வேண்டாதவை. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், எந்தச் செயலியை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதைப் பார்த்து அதன் பின்னணி வேலைகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை இயங்குதளமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சில நிறுவனங்கள் இதற்கு மேலும் கடுமை காட்டி, அலாரத்தையும் வாட்ஸ்அப் அழைப்பையும்கூட நெரித்துவிடுவது உண்டு. அதனால் முக்கியமான செயலிகளுக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவைத்திருக்கிறேன். ஒருமுறை முழுக்கத் தீர்த்துவிட்டு நூறு வரை ஏற்றினால் பேட்டரி பழகிவிடும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்து வழக்கம். இன்றைய லித்தியம்-அயான் பேட்டரிக்கு அத்தகைய நினைவு கிடையாது. அடிக்கடி சுழியம் வரை இறக்குவது அதற்குக் கேடு.

சர்வீஸ் சென்டருக்கும் ஒருமுறை போனேன். பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், “சார், ஒரு தடவை ரீசெட் போட்டுப் பார்த்துடலாம்” என்றார். கையிலிருந்த இரவுக் கணக்கைக் காட்டி, பேட்டரியை மட்டும் சோதித்துத் தரும்படி கேட்டேன். சோதித்ததில் குறையேதும் இல்லை. ரீசெட் போட்டிருந்தால் படங்களும் உரையாடல்களும் மறுபடி இறங்கும் முதல் வாரத் தொல்லை திரும்பியிருக்கும்; அறையின் சிக்னல் அப்படியே இருந்திருக்கும்.

ஓராண்டுக்குப் பின் கொள்ளளவு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அக்குபேட்டரி செயலியில் பார்த்தேன். சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்சாரத்தைக் கணக்கிட்டு அது சொல்வது மதிப்பீடுதான். அதன்படி 95 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. சார்ஜை 80இல் நிறுத்தும் வசதியை வீட்டில் இருக்கும் நாள்களில் பயன்படுத்துகிறேன். அதைவிட முக்கியம் வெப்பம். சித்திரை வெயிலில் பைக்கின் முன்னால் பொருத்தி, மேப்பையும் போட்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டு போவதைப்போல் பேட்டரியைக் கெடுப்பது வேறில்லை. வாங்கப்போகும் கைபேசியின் பேட்டரி எத்தனை சுற்று (முழுதாகத் தீர்ந்து மீண்டும் முழுதாக ஏறுவது ஒரு சுற்று) உழைக்கும் என்பதை இப்போது முன்கூட்டியே அறியலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், 800 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்ச வேண்டும் என்பது விதி. அங்கே விற்கப்படும் ஒவ்வொரு மாடலின் ஆற்றல்திறன் லேபிளிலும் ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு நேரம் உழைக்கும், எத்தனை சுற்று தாங்கும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதே மாடல் இங்கே வரும்போது சில சமயம் பேட்டரியின் அளவு மாறியிருக்கும் என்பதால் எம்ஏஎச்சையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

தீராத குறை ஒன்று உண்டு. ரயிலில் போகும்போது, ஊர்களுக்கு இடைப்பட்ட வெளியில் டவர் விட்டு டவர் தாவிக்கொண்டே போவதால் பேட்டரி இன்றும் விறுவிறுவென்று இறங்குகிறது. 4ஜியில் நிறுத்திவைத்து, பார்க்க வேண்டியதை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போவதால் ஓரளவு சமாளிக்க முடிகிறது.

ஏரோபிளேன் மோடில் வைஃபையும் இல்லாமல் கிடந்த இரவிலும் ஐந்தாறு விழுக்காட்டுக்கு மேல் இறங்கினாலோ, 20 அல்லது 30 விழுக்காடு காட்டும்போதே கைபேசி திடீரென்று அணைந்துபோனாலோ, பின்மூடி சற்றே உப்பியதுபோல் தெரிந்தாலோ சிக்னலை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடாமல், வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள்.