ஏஐ ஏஜென்டுக்கு டேட்டாபேஸ் டூல் வாங்குகிறீர்களா? டாக்குமென்டேஷனைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

எஸ்கியூலைட் (மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் இருக்கும் வகை) ஃபைலை ஏஐ ஏஜென்ட், அதாவது நாம் சொல்லும் வேலையைத் தானே செய்யும் ஏஐ, கையாளுவதற்கு ஒரு சின்ன எம்சிபி டூல் வாங்கினோம். எம்சிபி என்பது ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் பொதுவான முறை. டூலுக்கு ஒரு விலை, "ஏஜென்டுகளுக்கென்றே எழுதிய முழு டாக்குமென்டேஷன்" என்று அதற்குத் தனியாக ஒரு விலை. இரண்டாவதற்குக் கொடுத்த பணம்தான் எங்களுக்கு வினையாக வந்தது. விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே மாதிரி சரக்கை இப்போது பல பேர் விற்கிறார்கள், வாங்குவது பெரும்பாலும் எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள்தான், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் பம்ப்செட் உதிரிபாக மொத்த வியாபாரி. பில், ஸ்டாக், பாக்கி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறது. முதலாளி ஏஜென்டிடம் யார் யார் பாக்கி என்று கேட்டார், பட்டியல் வந்தது, பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, அதெப்படி சரியா நூறு பேரு? பெரிய பார்ட்டிங்க பாதிப் பேரு இதுல இல்லையே." தேடிப் பார்த்தால், டூல் எந்தக் கேள்விக்கும் முதல் 100 வரிகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. மீதி இருக்கிறது என்று பதிலிலும் சொல்வதில்லை, டாக்குமென்டேஷனிலும் ஒரு வார்த்தை இல்லை. மனிதனாக இருந்தால் 100 என்று பார்த்ததுமே சந்தேகம் வரும். ஏஜென்ட் தனக்கு வந்ததை முழுப் பட்டியல் என்று நம்பி, "மொத்தம் 100 பேர் பாக்கி" என்று தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டது.

அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. உதிரிபாகப் பட்டியலில் ஒரே பொருள் இரண்டு மூன்று பெயரில் கிடந்தது. நகல்களை நீக்கினால் பட்டியல் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னோம், காட்ட மட்டும்தான். டாக்குமென்டேஷனில் "பிரிவ்யூ" என்று ஒரு பாராமீட்டர் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் அமைப்பு) இருந்தது, அதை ட்ரூ என்று கொடுத்தால் மூலத்தரவைத் தொடாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் என்று உதாரணத்தோடு அழகாக எழுதியிருந்தார்கள். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு, பிரிவ்யூவை ட்ரூ என்று போட்டு டெலீட் கட்டளையை அனுப்பியது. கோடில் பிரிவ்யூ என்று ஒன்றே கிடையாது! தெரியாத பாராமீட்டர் வந்தால் டூல் பிழை சொல்லாது, சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு வேலையை முடிக்கும். வரிகள் உண்மையிலேயே அழிந்தன.

"அபாயமான கட்டளைகள் தடுக்கப்படும்" என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அந்தத் தடுப்பு என்னவென்றால், கட்டளையின் முதல் சொல் டெலீட்டா, டிராப்பா என்று பார்ப்பது மட்டும். எஸ்கியூலைட்டில் "வித்" (WITH) என்ற சொல்லில் தொடங்கும் கட்டளையின் கடைசியில் டெலீட் வரலாம், ஏஜென்ட் எழுதியதும் அப்படித்தான், தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது. அப்புறம் இன்னொன்று, எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ கட்டுப்பாடு, அதாவது வேறு டேபிள் சுட்டிக்கொண்டிருக்கும் வரியை அழிய விடாத காவல், வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்துத்தான் இயக்க வேண்டும். டூல் அதைச் செய்யவில்லை, டாக்குமென்டேஷன் செய்வதாகச் சொன்னது. விளைவு, பழைய பில்களைத் திறந்தால் அளவும் விலையும் இருக்கிறது, பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. முந்தின இரவின் பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். ஆனாலும் அன்றைய பில்களைக் கடைப் பையன்கள் இரவு உட்கார்ந்து திரும்பவும் ஏற்ற வேண்டியிருந்தது, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

விற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது வந்த பதில்: "டாக்குமென்டேஷன் மாடல் எழுதிக் கொடுத்ததுதான் சார், இப்ப எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க." மாடல் எழுதட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் கோடோடு ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்காமல் "சோதித்தது" என்று எழுதி அதற்குத் தனியாகக் காசு வாங்கியதற்குப் பெயர் மோசடி.

நாம் ஒரு டூலின் கையேட்டைப் பாதி படித்து, மீதியை அனுபவத்தில் சமாளிப்போம். ஏஜென்டுக்கு அந்த வசதி கிடையாது, அந்த விவரணையில் இருப்பதைத்தான் நிஜம் என்று எடுத்துக்கொண்டு செயல்படும். அதே சமயம் எழுதி வைத்தது மட்டுமே பூட்டாகிவிடாது. 2025 ஜூலையில், ஏஐ வைத்துக் கோட் எழுதும் தளமான ரெப்லிட்டின் ஏஜென்ட், எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருந்தும், அதைப் பயன்படுத்திய முதலீட்டாளர் ஜேசன் லெம்கினின் நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்தது நினைவிருக்கும். எம்சிபியில், டூல் எதையும் மாற்றாது, படிக்க மட்டும் செய்யும் என்று சொல்ல "ரீட் ஒன்லி ஹின்ட்" என்று ஒரு குறிப்பு உண்டு, எங்களுக்கு விற்றவர்களும் அதைக் காட்டித்தான் பாதுகாப்பு என்றார்கள். அது வெறும் குறிப்பு, நம்பகமில்லாத சர்வரிடமிருந்து (டூலைத் தரும் பக்கம்) வந்தால் அதை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்று எம்சிபியின் விதிமுறையே சொல்கிறது.

வாங்குவதற்கு முன், ஒரு நகல் ஃபைலை வைத்து, இல்லாத பாராமீட்டர் ஒன்றைச் சும்மா கொடுத்துப் பாருங்கள். பிழை வரவில்லையென்றால் அந்த டூலே வேண்டாம். ஆயிரம் வரி உள்ள டேபிளை முழுதாகக் கேளுங்கள், வெட்டிக் கொடுத்தால் வெட்டியதாகச் சொல்கிறதா என்று பாருங்கள். டாக்குமென்டேஷனில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், தேதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி டேட்டா டைப் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இல்லை. அதற்குப் பதிலாக "அப்டேட் செய்த" டாக்குமென்டேஷன் ஒன்று வந்தது. பிரிவ்யூ பத்தியை எடுத்துவிட்டார்கள், 100 வரி விஷயம் இன்னும் அதில் இல்லை. இதே மாதிரி டூலை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கே ஃபைலைத் திறக்கும் இடத்தில் "மோட்=ஆர்ஓ" (mode=ro, படிக்க மட்டும்) என்று மாற்றிவிடுங்கள், அப்போது டூல் என்ன சொன்னாலும் எஸ்கியூலைட்டே எழுத விடாது.