கழிவில் ஒரு ஸ்டூல்: அட்டையா, பேலட் பலகையா, பாட்டில் மூடியா, கூழா?

வடிவமைப்புப் பள்ளியில் பலருக்கும் ஒரு கட்டத்தில் வந்து சேரும் வேலை இது: புதிதாக எதையும் வாங்காமல், தூக்கிப்போட்ட பொருளை வைத்து ஒரு ஸ்டூல் செய்ய வேண்டும். உயரம் 43 செ.மீ., 80 கிலோ ஆள் உட்கார்ந்து எழ வேண்டும், கெடு மூன்று வாரம். போட்டியில் நிற்பவை நான்கு: நெளி அட்டை, பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகை, உருக்கிய பாட்டில் மூடி, காகிதக் கூழ்.

நான்கும் இலவசம்தான். அந்த மிச்சத்தையெல்லாம் கழுவுவதும் பிரிப்பதும் ஆணி பிடுங்குவதும் காயக் காத்திருப்பதும் தின்றுவிடும். முடிந்த பிறகு எது அழகாகத் தெரியும் என்று யோசித்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் கடைசி வாரத்தில் திணறுகிறார்கள். முதல் வெட்டு விழுவதற்குள் எத்தனை நாள் போகும், ஒரே தடிமனில் எத்தனை துண்டு தேறும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்தது.

நெளி அட்டை

மூன்று வாரத்துக்கு எங்கள் முதல் வாக்கு இதற்கே. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் வந்த பெட்டிகள் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். இரட்டை நெளி, ஏறக்குறைய 7 மி.மீ. தடிமன், பெரிய முகங்கள். பத்துக் கடைகளின் சின்னப் பெட்டிகளைச் சேர்த்தால் ஒன்று 3 மி.மீ., இன்னொன்று 4 மி.மீ. என்று வரும், வெட்டிய பள்ளங்களில் பாதி இறுகும், பாதி ஆடும். ஒரே வகைப் பெட்டி நான்கைந்து கிடைக்கும் வரை காத்திருப்பது லாபம்.

அட்டையில் இரண்டு வழிகள். ஒன்று, அடுக்கி ஒட்டுவது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972-இல் வடிவமைத்த விகிள் நாற்காலி இந்த வழியில் பிறந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இதில்தான் இறங்குகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 35 செ.மீ. அகலத்துக்கு 4 மி.மீ. அட்டை என்றால் 88 அடுக்கு. ஓர் அடுக்கு 35 × 43 செ.மீ.; மொத்தம் 13 சதுர மீட்டருக்கு மேல் அட்டை, ஒரு கிலோவைத் தாண்டி வெள்ளைப் பசை. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். பசையிலுள்ள தண்ணீர் நடு அடுக்குகளிலிருந்து வெளியேற வழியில்லாமல் நெளிகளை ஊற வைக்கும். எட்டுப் பத்து அடுக்காக ஒட்டி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு காயவிட்டு, பிறகுதான் கட்டுகளை ஒன்றாக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்டினால் கட்டு வாழைப்பழம்போல் வளைந்து நிற்கும்.

இரண்டாவது வழி, பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் கட்டம். ஏழுக்கு ஏழு, மொத்தம் 14 பலகைகள். ஒவ்வொன்றும் 35 × 43 செ.மீ., இடைவெளி 5 செ.மீ. மேலும் கீழும் ஒரு தட்டு சேர்த்தால் இரண்டரை சதுர மீட்டர் அட்டையில் வேலை முடிகிறது. அடுக்கும் வழியில் ஐந்தில் ஒரு பங்கு. நெளிகள் எல்லாப் பலகையிலும் செங்குத்தாக ஓட வேண்டும். ஒரே ஒரு பலகை படுக்கையாக ஓடினாலும் சாயும் இடம் அதுதான். பள்ளத்தின் ஆழம் உயரத்தில் பாதியோடு 1 மி.மீ. கூட, அதாவது 21.6 செ.மீ. அகலம் அட்டையின் தடிமன் அளவு. அளவுகோலை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்து, முதலில் ஒரு துண்டில் கோத்துப் பார்த்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். பெட்டியின் மடிப்புக்கோடு எந்தப் பலகைக்குள்ளும் வரக்கூடாது. மடித்த இடத்தில் நெளி ஏற்கெனவே நசுங்கிவிட்டது. அங்கே பாரம் தாங்காது.

கத்தியை ஒரே இழுப்பில் அழுத்தாதீர்கள். மேல்தாள், நெளி, அடித்தாள் என்று மூன்று நான்கு இழுப்பு. அலகு மழுங்கினால் வெட்டு நேராக இருக்கும், ஆனால் ஓரம் நசுங்கும். தாங்கவேண்டிய இடமே ஓரம்தான். நான்கைந்து பலகைக்கு ஒரு முறை அலகை மாற்றிவிடுங்கள்.

கட்டத்தின் பலவீனம் பக்கவாட்டு ஆட்டம். மேலிருந்து வரும் பாரத்தை அலட்டாமல் வாங்கிக்கொள்ளும்; ஒருவர் சற்றே சாய்ந்து எழுந்தால் சாய்சதுரமாக ஒடுங்கும். நான்கு பக்கமும் ஓர் அட்டைத் தோல் சுற்றி ஒட்டினால் இது நிற்கும். இன்னொரு எதிரி காற்றின் ஈரம்: 90 சதவீத ஈரப்பதத்தில் அட்டையின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அடியில் ஒட்டுப்பலகைச் சில்லு நான்கை ஒட்டினால் துடைத்த தரையின் தண்ணீராவது ஏறாது.

பேலட் பலகை

எட்டு வாரம் கெடு இருந்தால் எங்கள் வாக்கு இதற்கு மாறும். மற்ற மூன்றும் தேர்வுக் குழுவின் முன் நிற்கச் செய்தவை. இது மட்டும்தான் அதற்குப் பிறகும் பல ஆண்டு உழைக்கும்.

தூக்குமுன் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச மரப் பொதி விதிப்படி கோதுமைக் கதிர் அடையாளமும் எழுத்துகளும் சூடுபோட்டிருக்கும். எச்டி (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்தது என்று பொருள், எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை, விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை, புளித்த வாடை உள்ளதையும் தொடவேண்டாம். முழுக்க நீலமோ சிவப்போ பூசியவை பெரும்பாலும் வாடகை நிறுவனங்களின் சொத்து. ஓரமாகக் கிடக்கிறது என்பதற்காக அது கழிவு ஆகாது.

கடப்பாரை வைத்து நெம்புவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. பேலட்டில் அடித்திருப்பது வளைய வரியோ முறுக்கோ உள்ள ஆணி. மரத்தைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே உலோகம் வெட்டும் அலகு போட்ட ரெசிப்ரோ ரம்பத்தை (அலகு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம்) விட்டு ஆணியையே அறுப்பது மேல். தலை பலகைக்குள் தங்கும். பின்பக்கமிருந்து குத்தூசியால் தட்டினால் விழுந்துவிடும்.

அடுத்தது நீளம். மூன்று இடத்தில் ஆணி அடித்த பலகையில் ஆணிக்கு ஆணி இடையே சுத்தமாகக் கிடைப்பது பெரும்பாலும் 38 முதல் 50 செ.மீ. வரைதான். ஐரோப்பிய அளவான 1200 × 800 மி.மீ. பேலட்டில் இது 38-ஐ ஒட்டியே நிற்கும். 22 மி.மீ. இருக்கைக்கு அடியில் கால் 40.8 செ.மீ. வேண்டும். ஆணித்துளை உள்ள முனையைத் தரைப்பக்கம் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. மூட்டு வரும் மேல்முனையில் துளை இருக்கக் கூடாது. நான்கு கால், எட்டுக் குறுக்குச் சட்டம், நான்கு இருக்கைத் துண்டு என்று 16 துண்டுகள். ஒரு பலகைக்கு இரண்டு என்றால் 8 பலகை போதும் என்று கணக்கு சொல்லும். பிளவு, கணு, வளைவு என்று மூன்றில் ஒரு பங்கு போகும். 12 எடுத்து வையுங்கள்.

வெளியில் கிடந்த மரம் ஈரமாக இருக்கும். நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் இரண்டு வாரமாவது ஆறவிட வேண்டும். மூன்று வாரக் கெடுவில் இது அடிபடுவது இங்கேதான். ஈரத்தோடு மூட்டுப் போட்டால், காட்சிக்கு வைக்கும் நாளில் இடுக்கு விட்டு ஆடும். இழைப்பு இயந்திரத்தில் விடும்முன் காந்தத்தால் ஒவ்வொரு பலகையையும் தடவிப் பாருங்கள். உடைந்த ஆணி முனை ஒன்று போதும், பட்டறைப் பொறுப்பாளர் அப்புறம் பேலட் மரத்தையே உள்ளே விடமாட்டார்.

பழைய சாயத்தை முழுக்கத் தேய்த்து எடுக்கவேண்டிய கட்டாயமில்லை. டச்சு வடிவமைப்பாளர் பீட் ஹெய்ன் எய்க் 1990-இல் தம் பட்டப்படிப்பின் இறுதி வேலையாகச் செய்த அலமாரி கழிவு மரத்தால் ஆனது. துண்டுகளின் வெவ்வேறு நிறங்களே அதன் முகம்.

பாட்டில் மூடி

படத்தில் மிக அழகாக விழும், பட்டறையில் மிகவும் படுத்தும். வடிவமைப்பாளர் ஜேன் ஆட்ஃபீல்டு 1992-இல் செய்த ஆர்சிபி2 நாற்காலியை இதற்கு முன்னோடி எனலாம். மறுசுழற்சி எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) தகடுகளை நேர்வெட்டாக வெட்டிச் சேர்த்தது அது. உருக்கிச் சிற்பம் வார்க்கப் போகவில்லை.

30 × 30 செ.மீ., 1 செ.மீ. தடிமனில் ஒரு தகடு என்றால் 900 கன செ.மீ.; எடை சுமார் 855 கிராம். மூடி ஒன்று 2 கிராம் என்று வைத்தால், சேதாரத்தோடு 450 மூடி. ஒரு தகட்டுக்கு! அதிலும் எல்லாம் ஒரே வகையாக வேண்டும். உள்ளே 2 என்று எழுதியிருந்தால் எச்டிபிஇ, 5 என்றால் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். முதலாவது 130 டிகிரியை ஒட்டி உருகும், இரண்டாவதுக்கு 160-க்கு மேல் வேண்டும். கலந்தால் தகடு ஏடு ஏடாகப் பிரியும். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது, இரண்டுமே மிதக்கும். மூழ்குவதைத் தூக்கி எறிய மட்டும் அது பயன்படும். எண் 3 உள்ள பிவிசி ஒரு துண்டுகூடச் சூளைக்குள் போகக்கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

அடுப்பு 180 டிகிரி, இனி அதில் சமையல் கிடையாது, இடம் திறந்த வெளி. இரண்டு உலோகத் தட்டுக்கு நடுவே பேக்கிங் தாள் விரித்து 45 நிமிடம் உருக்கி, அமுக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் மூடி சேர்த்து மறுபடி உருக்க வேண்டும். ஆறும்போது கிளாம்பைக் கழற்றவே கூடாது, இரண்டு மணி நேரமாவது. இந்தப் பிளாஸ்டிக் ஆறும்போது 2 முதல் 4 சதவீதம் சுருங்கும். ஒரு பக்கம் முந்தி ஆறினால் தகடு கிண்ணமாகும். சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, திருகாணிதான். 1 செ.மீ. தகட்டை இரு ஓரத்தில் மட்டும் தாங்கினால் ஆள் உட்கார்ந்ததும் தொய்யும். நாள்பட்டால் அந்தத் தொய்வு நிரந்தரம். முழு ஸ்டூலையும் இதில் செய்வது வீண் பிடிவாதம். பேலட் மரக் கால்களின் மேல், நடுவில் ஒரு சட்டம் கொடுத்து, இருக்கையாக மட்டும் வைத்தால் நன்றாக இருக்கும்.

காகிதக் கூழ்

ஸ்டூலுக்கு வேண்டாம். விளக்குக் கூடு, கிண்ணம், மேல்மூடி போன்ற ஓடுகளுக்கு உரியது. செய்வதென்றால் 500 கிராம் செய்தித்தாளைக் கிழித்து ஒரு நாள் ஊறவைத்து, அரைத்து, கையால் பிழிந்து, சுமார் 250 மி.லி. வெள்ளைப் பசை சேருங்கள். 5 மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் பூசினால் உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும். அச்சின் வெளிப்புறத்தில் பூசுவதைவிட உட்புறத்தில் பூசுவது நல்லது: கூழ் சுருங்கும், வெளிப்புறத்தில் அச்சை இறுக்கிப் பிடித்து வெடிக்கும், உட்புறத்தில் தானே விட்டு விலகும்.

கலப்புப் பற்றி ஒரு வார்த்தை

ஸ்டூல் பலவீனமாகத் தெரிந்ததும் எபாக்சி ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றுவது ஒரு நோய்போல் பரவியிருக்கிறது. அட்டையில் அது இறங்கினால் மறுபடி அந்த அட்டை காகித ஆலைக்குப் போகாது. கழிவிலிருந்து செய்தேன் என்பவர் கழிவாக மட்டுமே ஆகக்கூடிய ஒன்றைச் செய்திருப்பார். தேர்வுக் குழு இதைக் கேட்காமல் விடாது. கோப்பு, திருகாணி, மாவுப் பசை என்று பிரித்தெடுக்கக்கூடிய இணைப்புகளில் நின்றுகொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் பாரச் சோதனையை மூன்றாம் வாரத்தின் முதல் நாளே வையுங்கள். 20 கிலோ மணல் மூட்டைகளாக ஒவ்வொன்றாக ஏற்றி, 100 கிலோவில் பத்து நிமிடம் விட்டு, பிறகு பக்கவாட்டில் கையால் தள்ளிப் பாருங்கள். அட்டை என்றால் இன்னொன்றும் உண்டு: ஓர் இரவு குளியலறை வாசலில் வைத்துவிட்டு, காலையில் அதே மூட்டைகளை மறுபடி ஏற்றுங்கள்.