துத்தநாகம் போன பிறகு: குட்டிகளின் கழிச்சலுக்கு எது கட்டுப்படியாகும்?

டென்மார்க் பன்றிப் பண்ணைகளில், பால் மறக்கடித்த குட்டிகளின் தீவனத்தில் துத்தநாக ஆக்சைடு கலப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம், இரண்டு வாரம் வரை. ஈ. கோலை என்ற பாக்டீரியாவால் வரும் கழிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும், செலவும் சொற்பம். ஆனால் சாணத்தோடு வயலுக்குப் போன துத்தநாகம் மண்ணிலேயே தங்கியது. 2022 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குத் தடை போட்டுவிட்டது.

சரி, அடுத்து எது?

கைக்கு எட்டியது ஆன்டிபயாட்டிக். குடிநீரில் கலந்தால் போதும், விலையும் குறைவு. தடைக்குப் பிறகு டென்மார்க்கில் குட்டிகளுக்கு இதன் பயன்பாடு கூடத்தான் செய்தது. அங்கே 2010 முதல் 'மஞ்சள் அட்டை' முறை இருக்கிறது. வரம்பு தாண்டினால் அரசு கேள்வி கேட்கும். அதைவிடப் பெரிய குறை, கழிச்சல் கண்ட பிறகுதான் மருந்து போகிறது. அதற்குள் குடலுறிஞ்சிகள் சேதமாகியிருக்கும். தின்பது உடம்பில் ஒட்டாது. செத்த குட்டியை எண்ணிவிடலாம், இந்த நட்டம் கணக்கில் தெரியாது. 7 கிலோ குட்டி 30 கிலோ ஆக 23 கிலோ ஏற வேண்டும். ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 கிராம் தீவனம் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் குட்டிக்கு 2.3 டன்! மருந்து பில்லில் இது எங்கே வருகிறது?

தீவனத்தில் புரதத்தைக் குறைப்பது இன்னொரு வழி. கழிச்சல் குறையும், வளர்ச்சியும் கொஞ்சம் மந்தமாகும்.

குட்டியைத் தாயிடமிருந்து 28 நாளில் பிரிப்பதை 35 ஆக்கினால் குட்டி திடமாக வரும். ஆனால் சினை 115 நாள், பால் கொடுக்கும் காலம், மறுபடி பருவத்துக்கு வர ஐந்து நாள் என்று கூட்டினால் ஆண்டுக்கு 2.47 ஈத்து 2.35 ஆகிறது. ஈத்துக்கு 15 குட்டி என்றால் ஒரு தாய்க்கு ஒன்றரைக் குட்டிக்கு மேல் இழப்பு. மெலிந்த லாபத்தில் ஓடும் பண்ணைக்கு இது கசக்கும்.

என் ஓட்டு வாய்வழித் தடுப்பு மருந்துக்கு. குட்டிக்கு 18 நாள் ஆனதும் ஒரே ஒரு தடவை. ஒரு வாரத்தில் எதிர்ப்பு வந்துவிடுவதால், 28-ல் பிரிக்கும்போது குட்டி தயாராக இருக்கும். குட்டிக்குக் குட்டி காசு போகும்தான். அதோடு இது உயிருள்ள பாக்டீரியா. அந்தச் சமயத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் போட்ட பணம் வீண். எஃப்4, எஃப்18 வகை ஈ. கோலைக்கு மட்டுமே கேட்கும். கழிச்சலுக்குக் காரணம் ரோட்டா வைரஸ் என்றால் இதனால் பயனில்லை. அதனால் சாண மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.