கோஆக்சியலா, ஈதர்நெட்டா, வைஃபையா: வீட்டுக் கேமராவுக்கு எந்த வழி?

கேமரா வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மெகாபிக்சல்?” அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. கேமராவுக்கு மின்சாரம் எந்த வழியாகப் போகப்போகிறது? இரவு கரண்ட் போனால் அது விழித்திருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும். படத்தின் தெளிவில் இன்று மூன்று முறைகளுக்கும் பெரிய இடைவெளி இல்லை.

நம் ஊர்ப்பக்கம் பரவலாக உள்ள ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் தளம் போட்ட மாடி வீடு. வெளிக்கதவு, போர்டிகோ, கொல்லைப்புறம், மொட்டைமாடிப் படி என நான்கு இடங்களில் கேமரா வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது மின்விசிறிகளுக்கும் சில விளக்குகளுக்கும் மட்டும்தான். வெளிச்சுவரில் உள்ள பிளக் எதுவும் இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லை.

முதலில் கோஆக்சியல், அதாவது டிவி கேபிள் போன்ற படக்கம்பி. படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, படக்கம்பியும் மின்கம்பிகளும் சேர்ந்த 3+1 கேபிள், முனையில் பிஎன்சி இணைப்பான், கூடவே கேமராக்களுக்கு மின்சாரம் தரும் ஒரு 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ். எந்த ஊரிலும் இதைப் போடத் தெரிந்தவர் கிடைப்பார். கேமரா விலையும் குறைவு. ஐபி முகவரி, பாஸ்வேர்டு என்று ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக எதையும் அமைக்க வேண்டாம், செருகினால் படம் வரும். நேரடிக் காட்சியில் தாமதமும் தெரியாது. எச்டி-டிவிஐ, எச்டி-சிவிஐ போன்ற முறைகள் வந்தபிறகு அதே பழைய கேபிளில் ஐந்து மெகாபிக்சல் படமே தாராளமாக ஓடுகிறது.

இதன் பலவீனம் படக்கம்பியில் இல்லை, அதோடு ஒட்டிப்போகும் மெல்லிய மின்கம்பியில் இருக்கிறது. பகலெல்லாம் நன்றாகத் தெரியும் கேமரா, இருட்டியதும் மினுக்கி மினுக்கி அணைகிறது என்ற புகாரைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடிவிடும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல செம்புக் கம்பியே 30 மீட்டர் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 5 ஓம் தடை தரும். அதில் அரை ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் இருந்தாலும் வெளிக்கதவுக் கேமராவுக்குக் கிடைப்பது 9.5 வோல்ட்தான். சிலர் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சிறு திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடுவார்கள். தொலைவில் உள்ள கேமரா பிழைத்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ள போர்டிகோ கேமரா கூடுதல் வோல்டேஜை வாங்கிக்கொண்டு சூடாகும். இன்னொரு தொல்லை, படத்தில் மெதுவாக மேலேறும் கோடுகள். கேபிளின் இரு முனைகளிலும் எர்த் நிலை வேறுபட்டால் இது வரும். காரணம் தெரியாமல் கேமராவையே மாற்றுகிறவர்கள் உண்டு.

அடுத்து ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ முறை. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை, காரணத்தைக் கணக்காகவே காட்டிவிடலாம். மேலே சொன்ன கேமரா செலவழிப்பது 6 வாட். அதையே 48 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் எட்டில் ஓர் ஆம்பியர்தான். இரண்டு ஜோடிக் கம்பிகளில் பிரிந்து போவதால் தடையும் பாதியாகிவிடும். அதே 30 மீட்டரில் இழப்பு 0.3 வோல்ட். 48-இல் 0.3 போனால் கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. 100 மீட்டர் வரை கவலையின்றி இழுக்கலாம், நம் வீடுகளில் அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை.

2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி, கேமராக் கேபிள்களைச் செருகும் ஸ்விட்ச் பெட்டியின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண வீட்டுக் கேமராவுக்கு அது போதும். சுழலும் கேமரா என்றால் 802.3ஏடி தரம் கேட்டு வாங்குங்கள். இந்தத் தரங்களில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. எதிர்முனையில் பிஓஇ கருவிதான் இருக்கிறதா என்று மிகச் சிறிய மின்னழுத்தத்தால் சோதித்துப் பார்த்த பிறகே ஸ்விட்ச் மின்சாரத்தைத் திறந்துவிடும். தவறிப்போய் மடிக்கணினியைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. ‘பேசிவ் பிஓஇ’ என்று விற்கப்படும் மலிவுப் பெட்டிகள் இப்படிச் சோதிப்பதில்லை. அவற்றைத் தவிருங்கள்.

பிஓஇ முறையின் முழுப்பயன் கரண்ட் போகும்போதுதான் தெரியும். என்விஆர் என்ற பதிவுப் பெட்டி, பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து, அங்கே மட்டும் ஓர் இன்வெர்ட்டர் பிளக் கொடுத்தால் நான்கு கேமராக்களும் விழித்திருக்கும். கோஆக்சியலிலும் எஸ்எம்பிஎஸ்ஸை ஓரிடத்தில் வைத்து இதைச் செய்ய முடியும். வைஃபையில் இது கைகூடாது.

பெயர்தான் வயர்லெஸ். வைஃபைக் கேமரா ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு பிளக்கும் அடாப்டரும் வேண்டும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் வெளிச்சுவர் பிளக் எதிலும் இன்வெர்ட்டர் மின்சாரம் இல்லை. எனவே தெரு முழுதும் இருளில் மூழ்கும் நேரத்தில் கேமராவும் கண்ணை மூடிவிடும். திருடன் விரும்பும் நேரம் அதுதான். நான்கு இடங்களுக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுக்கலாமே என்றால், சுவரைக் குடைந்து 230 வோல்ட் கம்பி இழுப்பதற்கு ஈதர்நெட் கேபிளையே இழுத்துவிடலாம். பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பெரும்பாலும் அசைவு தெரிந்தால்தான் விழித்தெழுந்து பதிவு செய்யும், தொடர்ச்சியான பதிவு கிடைக்காது.

அலைவரிசையிலும் சிக்கல் உண்டு. இந்தக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றையே பங்குபோடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி வெளிக்கதவுக்குப் போகும்போது சிக்னல் மெலிந்துவிடும். மெமரி கார்டில் மட்டும் பதிவாகும் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும்.

ஆனாலும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு வைஃபைதான் சரி. சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போக வேண்டும். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா போதும் என்றாலும் தாராளமாக வாங்கலாம்.

நெட்வொர்க் பாதுகாப்புக்கு வருகிறேன். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அது நுழைந்த வழி, தயாரிப்பாளர் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான். இன்றும் வெளியிலிருந்து இணையம் வழியாகக் கேமராவை அடைய ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் திறந்துவிட்டு, பாஸ்வேர்டாக ஒன்று முதல் ஆறு வரை எண்களை வைத்துவிட்டுப் போகும் வேலையாட்கள் இருக்கிறார்கள். வேலையாள் கிளம்புவதற்கு முன் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள், ரவுட்டரில் கருவிகள் தாமாகவே இப்படி வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை அணைக்கச் சொல்லுங்கள். இந்த வகையில், பிஓஇ போர்ட்கள் உள்ளேயே அமைந்த என்விஆர் வாங்குவது நல்ல ஏற்பாடு. அதில் செருகிய கேமராக்கள் பொதுவாகத் தனி நெட்வொர்க்கில் இருக்கும், வீட்டு மடிக்கணினிகளோடு கலக்காது. வைஃபைக் கேமரா என்றால் அதை ரவுட்டரின் விருந்தினர் நெட்வொர்க்கில் போடுங்கள். புதிதாக வாங்குவது எந்த வகையானாலும், இந்திய அரசின் எஸ்டிக்யூசி சோதனையில் தேறிய மாடலா என்று கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் கேமராக்களுக்கு அந்தப் பாதுகாப்பு விதிகள் கட்டாயம்.

சேமிப்புக்கு மூன்றிலும் ஒரே கணக்குதான். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 43 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 2 டிபி வட்டு 11 நாள் தாங்கும்.

பிஓஇ முறையில் பணம் போடுகிறவர் ஏமாறும் இடம் கேபிள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை ‘கேட் 6’ தர ஈதர்நெட் கேபிள் என்று எழுதியே விற்கிறார்கள். தடை அதிகம், வளைத்தால் முறியும். முனையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியில் உள்ள கேபிள் முனையின் ஆர்ஜே-45 இணைப்பு மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். மழைநீர் புகுந்தால் 48 வோல்ட் ஓடும் ஊசிகள் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். தோட்டத்தில் தனியாக நிற்கும் மோட்டார் அறைக்குச் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். ஐப்பசி இடியில் அந்தக் கம்பி வழியாக மின்னல் அதிர்வு என்விஆர் வரை வந்துவிடக்கூடும். அந்த ஓர் இடத்துக்கு ஃபைபர் போடுங்கள், ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது.

ஏற்கெனவே சுவருக்குள் கோஆக்சியல் கேபிள் ஓடுகிற வீட்டில் அதைப் பிடுங்கி எறியச் சொல்ல மாட்டேன். கேபிள் நல்ல நிலையில் இருந்தால் கோஆக்சியல், ஈதர்நெட் இரண்டு வகைக் கேமராக்களையும் ஏற்கும் எக்ஸ்விஆர் பெட்டி ஒன்றை வாங்கி, வெளிக்கதவுக்கு மட்டும் புதிதாக ஈதர்நெட் கேபிள் இழுத்து ஒரு நல்ல ஐபி கேமரா (நெட்வொர்க் கேமரா) வையுங்கள். முகமும் வண்டி எண்ணும் தெரிய வேண்டிய இடம் அது. வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால் பூச்சு வேலைக்கு முன்பே நான்கு மூலைக்கும் மின்கம்பிக் குழாயிலிருந்து விலகி, முக்கால் அங்குலக் குழாய் தனியாகப் பதிக்கச் சொல்லி, உள்ளே ஒரு இழுகம்பியையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். கேமராவைப் பிறகு சாவகாசமாக வாங்கிக்கொள்ளலாம்.