13 மாதம், 35 ஜோடி ட்ரே: பல் வரிசைக்கு அலைனர் போட்ட அனுபவம்

திருச்சியில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வயது 41. என் கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மேலே இடது கோரைப்பல் வெளியே தள்ளி நின்றது. "தெத்துப்பல் இருந்தா முகத்துக்கே ஒரு களை" என்று அத்தை சொல்வார். நானும் அதை நம்பியே வளர்ந்தேன். அதனால் அழகுக்காக இதைச் செய்துகொள்ளவில்லை. பிரஷ் புகாத இடுக்குகளில் காரை படிந்து, பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தும் நிற்கவில்லை. கடைசியாகச் சுத்தம் செய்த பல் மருத்துவர், "வரிசையைச் சரி பண்ணாம இது தீராதுங்க" என்றார். அங்கிருந்துதான் என் அலைனர் சிகிச்சை தொடங்கியது. அலைனர் என்றால் பற்களின் மேல் மாட்டிக் கழற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. ட்ரே என்பதும் அதுதான். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாட்ட மாட்ட, பல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஸ்டாஃப் ரூமில் தினமும் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், எனவே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் விளம்பரத்தைப் பார்த்து ஒரு நிறுவனத்துக்கு போன் செய்தேன். ஒரு தம்பி ஸ்கேனரோடு வீட்டுக்கே வந்தார். கால் மணி நேரத்தில் வாயை ஸ்கேன் செய்தார். இரண்டே நாளில் என் பற்கள் நேராவது போல ஒரு வீடியோ வந்தது. "ஆறே மாசம் மேடம், இன்னைக்கே கட்டினா இருபதாயிரம் குறையும்" என்றார்கள். எக்ஸ்ரே இல்லை. ஈறில் ரத்தம் வருகிறது என்று நானே சொன்னபோது, அது தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு பணம் கட்ட மனம் வரவில்லை. அதே ஆண்டு, 2023 டிசம்பரில், அமெரிக்காவில் தபாலில் அலைனர் அனுப்பி வந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் ஒரே நாளில் மூடப்பட்டது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் வேறு மருத்துவரைத் தேடி அலைந்த செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. உங்கள் வாயை நேரில் பார்த்து, தொட்டு, பொறுப்பேற்க ஒரு மருத்துவர் இல்லாமல் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள்.

அப்புறம் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லி, தில்லைநகரில் ஒரு மருத்துவரிடம் போனேன். பி.டி.எஸ். முடித்து, பல் சீரமைப்பில் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படித்தவர். அவர் முதல் நாள் அலைனர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே எடுத்தார், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளந்தார். ஈறு வீங்கியிருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு கரையும், முதலில் ஈறு ஆறட்டும் என்றார். இரண்டு தடவை சுத்தம், ஒரு மாதக் காத்திருப்பு. ரத்தம் நின்ற பிறகுதான் ஸ்கேன் எடுத்தார். அந்த ஒரு மாதத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

செலவு என்று பார்த்தால், எனக்கு உலோகக் கிளிப் போட 45,000 ரூபாய் சொன்னார். அலைனருக்கு மொத்தம் 1,60,000. இடையில் கூடுதல் ட்ரே தேவைப்பட்டால் அதுவும் இதற்குள் அடங்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு அது மிகவும் உதவியது.

மேலும் கீழுமாக 24 ஜோடி ட்ரே, பத்து நாளைக்கு ஒன்று. ஒரு ட்ரே ஒரு பல்லை நகர்த்துவது சுமார் கால் மில்லிமீட்டர்தான். பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடும், விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். இதற்கு நாள் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. நடுவில் ஒரு கட்டத்தில் கீழ்ப்பற்கள் லேசாக ஆடுவது நாக்குக்கே தெரிந்தது. பயந்துபோய் போன் செய்தேன். "நகர்ற பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், நின்ன பிறகு இறுகிடும்" என்றார். அப்படியேதான் ஆயிற்று.

2023 ஜூன் 12, பள்ளி திறந்த வாரம், முதல் ட்ரே மாட்டினார்கள். அதற்கு முன் பல் நிறத்திலேயே ஒன்பது சின்னப் புடைப்புகளைப் பற்களில் ஒட்டினார்கள். அட்டாச்மென்ட் என்று பெயர். ட்ரே பல்லைப் பிடித்துத் திருப்ப அதுதான் பிடிமானம். விளம்பரங்களில் இதை யாரும் காட்டுவதில்லை. ட்ரேயைக் கழற்றினால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியும், உதட்டின் உள்பக்கம் உரசும். கீழே இடம் போதாததால் சில பற்களின் பக்கவாட்டில் மெல்லிய பட்டையை விட்டு எனாமலைத் துளித்துளியாகத் தேய்த்தார்கள். ஒரு இடுக்கில் அதிகபட்சம் அரை மில்லிமீட்டர். வலி இல்லை, கூச்சமும் இல்லை. அந்தச் சத்தம்தான் கொஞ்சம் கலக்கியது.

பேச்சைப் பற்றித்தான் நான் அதிகம் பயந்தேன். நாளெல்லாம் வாயால் பிழைக்கிற வேலை. தகரமும் நகரமும் நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடுவதால் பிறக்கின்றன என்று வருடா வருடம் நடத்துகிறேன். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு வந்ததும் "தந்தை" என்ற ஒரு சொல்லே தடித்து ஒலித்தது. "செய்யுள்" என்றால் காற்று சீறியது. ஆனால் நான் பெரிதும் கவலைப்பட்ட ழகரம் கொஞ்சமும் கெடவில்லை! நாக்கு வளைந்து அண்ணத்தை நோக்கிப் போகிற எழுத்து அது, பல்லோடு அதற்கு வேலையே இல்லை. ளகரமும் ணகரமும் அப்படியே. நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தேன். ஐந்தாம் நாள் நாக்கு இடம் கண்டுகொண்டது. வகுப்பில் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தமிழம்மா, வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையில் கஷ்டம் வலியில் இல்லை, மணிக்கணக்கில்தான். ஒரு நாளுக்கு 22 மணி நேரம் ட்ரே வாயில் இருக்க வேண்டும். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்குள் காலைக் காபி, டிபன், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் பிறகு பல் தேய்ப்பது எல்லாம் அடங்க வேண்டும். ட்ரேயோடு குடிக்கக் கூடியது தண்ணீர் மட்டும். சூடான காபி ட்ரேயை நெளித்துவிடும், சர்க்கரை உள்ளே தங்கினால் பல் சொத்தையாகும். நான் பதினோரு மணி டீயை விட்டேன், மாலை முறுக்கை விட்டேன். சாம்பாரின் மஞ்சள் கறை ட்ரேயில் ஏறும்தான், ஆனால் பத்து நாளில் மாற்றிவிடுவதால் அது பெரிய விஷயம் இல்லை. கழுவுவதற்குப் பச்சைத்தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வெந்நீர் வேண்டவே வேண்டாம். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து மங்கிவிடும்.

கரூரில் ஒரு கல்யாணத்தில் ஒன்பதாவது ட்ரேயை டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தேன். பேசிக்கொண்டே இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் இலையை எடுத்துப் போய்விட்டார்கள். எச்சில் இலைத் தொட்டியருகே போய் நின்றேன், தேட வழியே இல்லை. கண்ணீர் வந்துவிட்டது. மருத்துவரிடம் பேசியபோது எட்டாவதை மாட்டிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். பழைய ட்ரேயை எறியாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். பல்லில் பொருத்திப் பார்த்துவிட்டு, நான்கு நாள் கழித்துப் பத்தாவதற்குப் போகலாம் என்றார். அன்றிலிருந்து டப்பா இல்லாமல் எங்கும் போனதில்லை.

வலியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். புது ட்ரே மாட்டிய முதல் இரண்டு நாள் இறுக்கமாக வலிக்கும். இரவு படுக்கும் முன் மாற்றினால் பாதி வலி தூக்கத்திலேயே போய்விடும். முதல் வாரம் மட்டும் இரண்டு பாராசிட்டமால் போட்டேன். அந்த நாட்களில் இடியாப்பம், தயிர்சாதம், குழைந்த பருப்புசாதம். விளிம்பு நாக்கைக் கிழித்தபோது நகம் தேய்க்கும் அரத்தால் லேசாக ராவிக்கொண்டேன், மருத்துவரே சொன்ன வழிதான். பொங்கலன்று கரும்பைக் கடித்து ஒரு அட்டாச்மென்ட் பெயர்ந்தது. மறுபடி ஒட்ட இருபது நிமிடம்.

பிப்ரவரி தொடக்கத்தில் 24 ஜோடியும் முடிந்தன. மேலே வரிசை அழகாக வந்திருந்தது. கீழே வலது பக்கம் ஒரு முன்கடைவாய்ப்பல் மட்டும் பாதிதான் திரும்பியிருந்தது. ஏமாற்றமாக இருந்தது, ஆனால் அதிர்ச்சி இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தார்: உருண்டை வடிவப் பற்களைத் திருப்புவது அலைனருக்குக் கடினம், பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காது, அதனால் வீடியோவில் காண்பது திட்டம்தான், வாக்குறுதி இல்லை என்று. திரும்ப ஸ்கேன், ஐந்து வாரக் காத்திருப்பு, புதிதாக 11 ஜோடி. ஜூலையில் முடிந்தது. எழுதி வாங்கியிருந்ததால் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தால், கூடுதல் ட்ரே இல்லாமல் முதல் செட்டிலேயே முடிந்தவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் யாரும் இல்லை. அதனால் சொன்ன காலத்தோடு நான்கைந்து மாதம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெருக்கியிருந்த கீழ்ப்பற்கள் பிரிந்து நேரானதும், நடு இரண்டு பற்களுக்கு இடையே ஈறருகில் ஒரு சிறு கறுப்பு முக்கோண இடைவெளி தெரிந்தது. என் வயதில் இது சகஜமாம். தேங்காய்த் துருவல் அதில் மாட்டும். ஆனால் ஈறில் ரத்தம் வருவது அடியோடு நின்றுவிட்டது. கேட்டு வந்தது அதுதான் என்பதால் எனக்கு முழு மனநிறைவு.

பெற்றோர் ஒருவர் தன் பதின்மூன்று வயது மகனுக்கு அலைனர் போடலாமா என்று கேட்டார். பையன் தண்ணீர் பாட்டிலையே வாரம் ஒன்று தொலைக்கிறவன். கிளிப் போடுங்கள் என்று சொன்னேன். கழற்ற முடியாது என்பதே அந்த வயதில் அதன் பலம், விலையும் மூன்றில் ஒரு பங்குக்குள். பெரியவர்களுக்கு, அதிலும் தன் நேரத்தைத் தானே கணக்கு வைத்துக்கொள்பவர்களுக்கு, அலைனரைத் தயங்காமல் சொல்வேன்.

ட்ரே முடிந்தபின் ரீடெய்னர், அதாவது பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைப்பது. கீழே பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டிவிட்டார்கள். மேலே கழற்றி மாட்டுவது, இரண்டு செட்டுக்கு 8,000 ரூபாய் தனி. முதல் ஆறு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர எப்போதும், இப்போது இரவில் மட்டும். எத்தனை வருடம் என்று கேட்டேன். "பல் இருக்கற வரைக்கும்" என்றார். சென்ற வருடம் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது ஐந்து இரவு அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆறாம் இரவு மாட்டினால், புது ட்ரே போட்ட முதல் நாள் இறுக்கம் அப்படியே இருந்தது. இரண்டு இரவு கழித்துத்தான் ஒழுங்காக உட்கார்ந்தது. இப்போது ஒரு செட் தலைமாட்டில், இன்னொன்று கைப்பையில்.